மடல் பிரிக்கும் இயந்திரமும் முதல் மடலும்

ஓடும் ரயிலில் நின்றபடி கடிதங்களைப் பிரித்துப்போட்ட ஆர்.எம்.எஸ். ஊழியர்கள் எந்தக் கடிதத்தையும் படித்துப் பார்த்ததில்லை. அதற்கான தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. எங்கே போகவேண்டும் என்பதை அனுப்பியவரே உறையின் மேல் எழுதியிருந்தார். 1972 ஆகஸ்ட் 15 முதல் ஆறு இலக்கப் பின்கோடும் துணைக்கு வந்தது. மின்னஞ்சலைத் தானாகப் பிரித்து அடுக்கும் மென்பொருளுக்கு இந்த வசதி கிடையாது. வந்து குவியும் மடல்கள் அனைத்திலும் பெறுநர் முகவரி ஒன்றேதான். இது சந்தா பற்றியது, இது அச்சகத்துக் கணக்கு, இது ஒரு சிறுகதை, இது நண்பர் வீட்டுத் திருமண அழைப்பு என்று அதுவே பார்த்து, அதுவே முடிவு செய்யவேண்டும். தபால் பிரிப்பவரின் வேலைக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டு, காரியதரிசியின் வேலையை அது எடுத்துக்கொள்கிறது. அதன் குறைகள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றன.

இலக்கியம் பேசும் பக்கத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். சிற்றிதழானாலும் இணைய இதழானாலும் இன்று படைப்புகள் வந்து சேரும் தலைவாசல் மின்னஞ்சல்தான். அந்த வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எதை உள்ளே விடுகிறார்கள், எதைச் சத்தமில்லாமல் கொல்லைப்புறத்துக்கு அனுப்புகிறார்கள் என்பது கணினிக்காரர்களின் கவலையாக மட்டும் இருக்கமுடியாது. என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். தானாகப் பிரிக்கும் உதவியாளனை வைத்துக்கொள்ளலாம். யோசனை சொல்ல அனுமதிக்கலாம். நாம் பார்ப்பதற்கு முன்பே ஒரு மடலை நம் கண்ணிலிருந்து அகற்றும் அதிகாரத்தை மட்டும் அதனிடம் கொடுக்கக்கூடாது.

*

இத்தகைய உதவியாளர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, சொன்னதைச் செய்வது. யூனிக்ஸ் கணினிகளுக்காக 1990இல் வந்த ப்ராக்மெயில் இதன் மூத்த தலைமுறை. அனுப்புநர் இன்னாரானால் இந்தக் கோப்புறை, தலைப்பு வரியில் இன்ன சொல் இருந்தால் அந்தக் கோப்புறை என்று விதிகளை நாமே எழுதிவைக்க வேண்டும். அவுட்லுக்கிலும் தண்டர்பேர்டிலும் ஜிமெயிலிலும் உள்ள விதிகளும் வடிகட்டிகளும் இந்தக் குலத்தைச் சேர்ந்தவையே. இரண்டாம் வகை, பார்த்துக் கற்றுக்கொள்வது. எந்த மடலை நாம் எங்கே போட்டோம் என்பதைக் கவனித்துவைத்து, அடுத்து வரும் மடலுக்கு உரிய இடத்தை அது ஊகிக்கிறது.

ஊகிக்கும் இந்த வித்தையின் வேர் 18ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதிவைத்த நிகழ்தகவுக் கட்டுரை, அவர் மறைந்த பின்னர் 1763இல் அச்சேறியது. அதன் வழிவந்த கணக்கைக் குப்பை மடல்களை இனம்காண்பதற்கு 1998இல் ஆய்வாளர்கள் பயன்படுத்திக் காட்டினார்கள். 2002 ஆகஸ்டில் பால் கிரகாம் எழுதிய ஒரு கட்டுரை அந்த முறையைப் பரவலாக்கியது. அதே ஆண்டில் ஜான் கிரகாம்-கம்மிங் 'பாப்ஃபைல்' என்ற இலவச மென்பொருளை உருவாக்கினார். குப்பை, நல்லது என்ற இரண்டோடு நிற்காமல், நாம் விரும்பும் அளவுக்குப் பல 'வாளி'களாக மடல்களைப் பிரிக்கப் பழகக்கூடியது அது. அதன் கடைசி வெளியீடு 2011இல் வந்தது. ஆயினும் இந்த வகை உதவியாளனின் பலமும் பலவீனமும் அதில் ஒளிவுமறைவின்றித் தெரிவதால், அதையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

பாப்ஃபைல் மடலின் பொருளை அறிவதில்லை; சொற்களை எண்ணுகிறது. 'அச்சகம்' என்ற சொல் 'கணக்கு' என்னும் வாளியில் 40 முறையும் மற்ற வாளிகளில் இரண்டு முறையும் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய மடலில் அச்சொல் தென்பட்டால், 'கணக்கு' என்ற பக்கம் தராசு சாய்கிறது. மடலின் ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படி எடை போட்டு, எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்து, எந்த வாளி முந்துகிறதோ அதை அறிவிக்கிறது. சொற்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதையோ அவற்றின் வரிசையையோ அது கணக்கில் கொள்வதில்லை. இந்த முறைக்குக் கணினியியலாளர்கள் வைத்த பெயரிலேயே 'அப்பாவி' என்ற அடைமொழி உண்டு. உண்மையாகப் பாராட்டும் வாசகர் கடிதமும், அதே சொற்களைக் கொண்டு கிண்டலாகப் பாராட்டும் கடிதமும் இதன் தராசில் ஒரே எடைதான். இத்தனை எளிமையான கணக்கு இவ்வளவு தூரம் பலிக்கிறதே என்பது வியப்புக்குரியது. எங்கே பலிக்கிறது என்பதைக் கவனித்தால் வியப்பு சற்றுத் தணியும்.

*

குப்பை மடலைக் கண்டுபிடிப்பதும் மடலைக் கோப்புறையில் சேர்ப்பதும் ஒரே வேலை போலத் தோன்றும். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. லாட்டரியில் கோடி விழுந்ததாகச் சொல்லும் மடல் குப்பை என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இராது. லட்சக்கணக்கானோர் 'இது குப்பை' என்று சுட்டியதை ஒரு நிறுவனம் திரட்டி, எல்லோருக்கும் பொதுவான ஒரு முடிவை எட்டமுடியும். கோப்புறை அப்படிப்பட்டதல்ல. ஒருவர் ஆட்களின் பெயரால் பிரிப்பார். மற்றொருவர் இதழின் எண்ணால் பிரிப்பார். மூன்றாமவர் 'பிறகு பார்க்கலாம்' என்று ஒரு கோப்புறை திறந்து எல்லாவற்றையும் அதிலேயே கொட்டுவார். அந்த 'பிறகு பார்க்கலாம்' கோப்புறையில் உள்ள மடல்களுக்குப் பொதுவான சொல் எதுவும் கிடையாது. பொதுவாக இருப்பது அவற்றை அங்கே போட்டவரின் அன்றைய களைப்பு மட்டுமே. சொற்களை எண்ணும் இயந்திரம் அதை எப்படிக் கற்றுக்கொள்ளும்?

இது வெறும் ஊகமன்று. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் 2001 டிசம்பரில் திவாலானது. விசாரணை நடத்திய அந்நாட்டின் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், ஊழியர்களின் மின்னஞ்சல்களை 2003இல் பொதுவெளியில் வைத்தது. ஏறத்தாழ 150 பேருடைய, சுமார் 5 லட்சம் மடல்கள். மனிதர்கள் தம் மடல்களை உண்மையில் எப்படி அடுக்கிவைக்கிறார்கள் என்று ஆராய அதுவரை இத்தகைய திரட்டு ஆய்வாளர்களுக்குக் கிட்டியதில்லை. ரான் பெக்கர்மன், ஆண்ட்ரூ மெக்கல்லம், கேரி ஹுவாங் ஆகிய மூவரும் அதிலிருந்து ஏழு பேருடைய பெட்டிகளை எடுத்து 2004இல் சோதித்தார்கள். மடல்களைக் கலைத்துப்போட்டுச் சோதிக்காமல், வந்த தேதி வரிசையிலேயே இயந்திரத்துக்குக் காட்டினார்கள்: முதல் நூறைக் கற்றுக்கொள், அடுத்த நூறை ஊகித்துச் சொல், பிறகு இருநூறையும் கற்றுக்கொள் என்று. நம் வாழ்க்கையில் மடல்கள் அப்படித்தானே வருகின்றன! நல்ல கணக்கீட்டு முறைகளும்கூட ஒருவருடைய பெட்டியில் சுமார் 95 விழுக்காடு சரியாகச் சொல்லின; இன்னொருவருடைய பெட்டியில் 55 விழுக்காட்டை ஒட்டியே நின்றன. முதலாமவருடைய மடல்களில் பெரும்பகுதி இரண்டே கோப்புறைகளில் அடங்கியிருந்தது. இரண்டாமவர் நூறு கோப்புறைகள் வரை வைத்திருந்தார்.

உதவி எவருக்கு மிகுதியாகத் தேவையோ, அவருக்கே இந்த உதவியாளன் குறைவாகப் பயன்படுகிறான் என்பதுதான் இதிலிருந்து தெரிவது. இரண்டு கோப்புறை வைத்திருப்பவர் தாமே பிரித்துக்கொள்வார். நூறு வைத்திருப்பவர்தான் ஆள் தேடுகிறார்.

*

இனி, நம் கவலைக்கு வருவோம். கற்றுக்கொள்ளும் உதவியாளனுக்குத் தெரிந்ததெல்லாம் நேற்றைய மடல்கள் எங்கே போயின என்பதுதான். நேற்றைப் போன்ற இன்றைக்கு அது சரியான விடை சொல்லும். நேற்றைப் போல் இல்லாத மடலுக்கு அதனிடம் விடை கிடையாது. ஆயினும் எங்காவது போட்டாகவேண்டும். பெயர் தெரியாத ஊரிலிருந்து, இதுவரை எழுதியிராத முகவரியிலிருந்து, ஓர் இளைஞர் தன் முதல் சிறுகதையை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைபேசியிலிருந்து அனுப்புவதால் தலைப்பு வரி காலி. மடலிலும் ஒன்றும் எழுதவில்லை, அல்லது 'வணக்கம்' என்ற ஒரு சொல். கதை முழுவதும் இணைப்பாகச் செருகிய கோப்பில் இருக்கிறது. பாப்ஃபைல் போன்ற உதவியாளன் பார்ப்பது மடலின் தலைப்பகுதியையும் உடற்பகுதியையும். இணைத்த ஆவணத்தைத் திறந்து உள்ளே உள்ள கதையை அது வாசிப்பதில்லை. ஆக, அறியாத முகவரி, வெற்று மடல், ஓர் இணைப்பு. வைரஸ் பரப்பும் குப்பை மடலின் முகச்சாயலும் ஏறக்குறைய இதுவேதான்.

புகழ்பெற்ற எழுத்தாளருக்கு இந்த ஆபத்து இல்லை. அவருடைய முகவரி ஆசிரியரின் முகவரிப் புத்தகத்தில் இருக்கும். அவர் மடல்களுக்கு ஏற்கெனவே பதில் போயிருக்கும். உதவியாளன் அவரைத் தனிப்பட்ட மரியாதையோடு முன்னறைக்கு அழைத்துவரும். இலக்கியச் சூழலில் ஏற்கெனவே இருக்கிற சாய்வை, எவரும் உத்தரவிடாமலே இயந்திரம் இன்னும் சற்று அழுத்திவிடுகிறது. தீய நோக்கம் எதுவும் இதில் இல்லை. பழக்கத்தைக் கற்றுக்கொள் என்றோம், கற்றுக்கொண்டது.

காகிதக் காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. படைப்போடு போதிய தபால்தலை ஒட்டிய உறையை இணைத்து அனுப்புவது வழக்கம். ஏற்காவிட்டால் கதை வீட்டுக்குத் திரும்பி வரும். முகவரி தவறான கடிதத்துக்கும் அஞ்சல்துறையில் ஒரு கதி இருந்தது. சேர்க்க முடியாத கடிதங்களைத் திறந்து பார்த்து, அனுப்பியவரைக் கண்டறிந்து, திருப்பி அனுப்புவதற்கென்றே தனி அலுவலகம் வைத்திருந்தார்கள். தவறான கோப்புறையில் விழுந்த மின்னஞ்சலுக்கு அத்தகைய கதி கிடையாது. வழங்கியைப் பொறுத்தவரை மடல் சேர்ந்துவிட்டது. அனுப்பியவருக்கு எந்தப் பிழைச்செய்தியும் வராது. பெற்றவருக்கு வந்ததே தெரியாது. மூன்று மாதம் காத்திருந்த இளைஞர் அந்த மௌனத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வார். யாரும் எழுதாத தீர்ப்பு அது.

*

தமிழில் எழுதுவோருக்கு மேலும் சில இடர்கள் உண்டு. சொற்களை எண்ணும் முறை, சொல் என்பது இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே உள்ளது என்று நினைக்கிறது. ஆங்கிலத்துக்கு இது ஓரளவு பொருந்தும். தமிழில் கட்டுரை, கட்டுரையை, கட்டுரைக்கு, கட்டுரையில், கட்டுரையும், கட்டுரைகளைப்பற்றி என்று ஒரே பெயர் பல கோலம் கொள்கிறது. இயந்திரத்துக்கு இவை ஆறும் ஆறு வேறு சொற்கள். ஆங்கில மடல் ஐம்பதில் அது கற்றுக்கொள்வதைத் தமிழில் கற்றுக்கொள்ளப் பல மடங்கு மடல் தேவைப்படும். ஜப்பானிய மொழியில் சொற்களுக்கு நடுவே இடைவெளியே கிடையாது என்பதால், பாப்ஃபைல் அம்மொழி மடல்களைச் சொல் பிரிக்கும் நிரல் ஒன்றின் வழியே செலுத்திவிட்டுத்தான் எண்ணத் தொடங்கியது. ஒவ்வொரு மொழிக்கும் அதற்குரிய இலக்கணத்தை யாரேனும் இயந்திரத்துக்கு ஊட்டவேண்டும் என்பதையே இது காட்டுகிறது. நாமே எழுதும் விதிகளுக்கும் இது பொருந்தும். 'சிறுகதை' என்ற முழுச்சொல்லைத் தேடும் விதி, 'சிறுகதையை இணைத்துள்ளேன்' என்ற மடலைக் கண்டும் காணாமல் விட்டுவிடலாம்.

எழுத்துக் குறியீடு இன்னொரு தொல்லை. டிஸ்கி, டேப் என்று பல குறியீடுகளில் மடல் எழுதிய காலம் முடிந்து, யூனிகோட் நிலைத்துவிட்டது. ஆனாலும் மடல் பயணிக்கும்போது தமிழ் எழுத்துகள் ரோமன் எழுத்தும் எண்ணும் கலந்த சங்கிலியாக உருமாறித்தான் செல்கின்றன. அதைச் சரியாக அவிழ்க்கத் தெரியாத நிரலுக்குத் தமிழ் மடல்கள் அனைத்தும் ஒரே முகம் கொண்டவை. ஒருவருக்கு இதுவரை தமிழில் வந்தவை யாவும் ஒரே மடலாடற்குழுவிலிருந்து வந்திருந்தால், தமிழாக இருப்பதே அந்தக் குழுவின் அடையாளம் என்று நிரல் முடிவுகட்டிவிடக்கூடும். போதாக்குறைக்கு, ரோமன் எழுத்தில் தமிழ் எழுதுவோர் 'கதை' என்ற ஒரே சொல்லை மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள்.

*

இவையெல்லாம் நாளை சரியாகிவிடும் என்று வாதிடலாம். பெருமளவு சரியாகியும் வருகின்றன. 2023க்குப் பிறகு மின்னஞ்சல் சேவைகளுக்குள் வந்து அமர்ந்திருக்கும் பெரும் மொழி மாதிரிகள், வேற்றுமை உருபைக் கண்டு மிரளுவதில்லை. கிண்டலையும் சில சமயம் புரிந்துகொள்கின்றன. அப்படியும் தீராத ஒரு சிக்கல் உண்டு. ஒரு மடலுக்கு ஒரே இடம் என்பது மடலின் இயல்பே அல்ல.

அகநானூற்றைத் தொகுத்தோர் செய்த ஏற்பாட்டை வாசகர்கள் அறிவார்கள். ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் பாலை. 2, 8 என்று முடிபவை குறிஞ்சி. 4இல் முடிபவை முல்லை. 6இல் முடிபவை மருதம். 10, 20 என வருபவை நெய்தல். எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். இவ்வளவு நேர்த்தியாக வகை செய்த மரபேதான் திணைமயக்கம் என்ற ஒன்றையும் ஒப்புக்கொண்டது. ஒரு திணைக்கு உரியது மற்றொன்றில் வந்து கலக்கும். அது பிழையன்று, அதற்கும் இலக்கணத்தில் இடமுண்டு.

சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் எதிர்கொண்டதும் இந்தக் கேள்விதான். நூல் அலமாரியில் ஓரிடத்தில்தான் நிற்கமுடியும். அதன் பொருளுக்கோ பல முகங்கள். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு நூலை ஏற்கெனவே இருக்கிற பெட்டியில் திணிக்காமல், அதன் முகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குறித்து, அவற்றைக் கோத்து எண் அமைத்தது. 2004 ஏப்ரல் 1 அன்று அறிமுகமான ஜிமெயில், கோப்புறைக்குப் பதிலாக அடையாளச் சீட்டுகளைத் தந்தபோது செய்ததும் ஏறக்குறைய அதே திசையில் ஒரு சிறிய அடி. ஒரே மடலுக்கு 'அச்சகம்', 'அவசரம்', 'சிறப்பிதழ்' என்று மூன்று சீட்டும் ஒட்டலாம். மடல் இருந்த இடத்திலேயே இருக்கும். உதவியாளன் தவறான சீட்டு ஒட்டினாலும் சேதம் குறைவு. மடலை இடம்பெயர்த்துத் தவறு செய்தால் சேதம் முழுமை.

கோப்புறையே தேவையில்லை, தேடினால் கிடைக்காதா என்று கேட்போரும் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஸ்டீவ் விட்டேக்கரும் ஐ.பி.எம். ஆய்வாளர்களும் 345 பேர் தங்கள் பழைய மடல்களைத் திரும்பக் கண்டெடுக்கும் விதத்தை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேடுபொறி வழியே எடுக்கச் சுமார் 17 வினாடியும், கோப்புறைகளைத் துழாவி எடுக்கச் சுமார் 58 வினாடியும் ஆயின. அத்தனை பாடுபட்டு அடுக்கியவர்கள் தேடுபவர்களைவிட அதிகமாக வெற்றி பெறவும் இல்லை. எனவே, பார்த்துமுடித்த மடல்களை அடுக்கிவைப்பதற்காக உதவியாளன் வேண்டும் என்பது பலவீனமான வாதம். ஆனால் தேடுவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த மடல் வந்திருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்கவேண்டும். பார்க்காத மடலை யாரும் தேடுவதில்லை. அந்த இளைஞரின் கதையை 17 வினாடியில் எடுத்துவிடலாம்தான். எடுக்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

*

குறை சொல்லிவிட்டு நகர்வது முறையன்று. ஏற்கெனவே இத்தகைய உதவியாளனோடு குடித்தனம் நடத்துபவர்கள், மடல் காணாமல் போகும்போது என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில், மடல் வரவே இல்லையா, வந்து இடம் மாறிவிட்டதா என்பதைத் தீர்மானிக்கவேண்டும். உள்பெட்டியில் மட்டும் தேடாமல், குப்பைப் பெட்டி, காப்பகம், எல்லாக் கோப்புறைகள் என அனைத்திலும் அனுப்புநர் முகவரியைக் கொண்டு தேடவேண்டும். சில சேவைகள் பொதுத் தேடலில் குப்பைப் பெட்டியைச் சேர்ப்பதில்லை. அங்கே தனியாகச் சென்று பார்க்கவேண்டும்.

அடுத்து, யார் நகர்த்தியது என்று கண்டுபிடிக்கவேண்டும். ஒரே பெட்டியைப் பல கைகள் தொடுகின்றன: வழங்கியில் உள்ள விதி, மேசைக் கணினியில் உள்ள நிரலின் விதி, கைபேசிச் செயலி, இவற்றுக்கு மேல் கற்றுக்கொள்ளும் உதவியாளன். கணினியில் மட்டும் இயங்கும் விதி, அந்தக் கணினி அணைந்திருக்கும்போது உறங்கும். 'வீட்டில் சரியாகப் பிரிகிறது, வெளியூர் போனால் பிரிவதில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எல்லாக் கைகளையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்கிப் பார்ப்பதே நம்பகமான வழி.

விதிகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன என்பதை நினைவில் வைக்கவேண்டும். மேலே உள்ள பரந்த விதி ஒன்று மடலைப் பிடித்துக்கொண்டு 'இதோடு நிறுத்து' என்று சொல்லிவிட்டால், கீழே நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய நுணுக்கமான விதிக்கு வேலையே இராது. குறுகிய விதிகளை மேலேயும் பரந்தவற்றைக் கீழேயும் வைப்பது நல்லது. புதிதாக எழுதிய வடிகட்டி பழைய மடல்களைத் தொடவில்லை என்றால் அது கோளாறன்று. பழையவற்றுக்கும் சேர்த்து இயக்கு என்று தனியே கேட்டிருக்கவேண்டும். விதிகளுக்கு அளவு வரம்பும் உண்டு. எக்ஸ்சேஞ்ச் 2003 வழங்கியில் ஒருவருடைய விதிகள் யாவும் சேர்ந்து 32 கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டியிருந்தது. பிந்தைய பதிப்புகளில் அது 256 வரை உயர்ந்தது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த, இன்று எவருக்கும் பயன்படாத விதிகளைக் களைவது எப்போதும் நன்மையே.

கற்றுக்கொள்ளும் உதவியாளன் தவறினால், திருத்தத்தை அதற்குத் தெரியும் இடத்தில் செய்யவேண்டும். பாப்ஃபைல், மடல் வரும் வழியில் நின்று பார்க்கும் நிரலாகவே பெரும்பாலும் பயன்பட்டது. வந்துசேர்ந்த மடலை உங்கள் மடல் நிரலில் ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப்போட்டால், வழியில் நின்றவனுக்கு அது எப்படித் தெரியும்? அதன் சொந்தப் பக்கத்துக்குப் போய், 'இது இந்த வாளி' என்று திருத்தினால்தான் கற்றுக்கொண்டது. பிழையாகப் போன மடலைச் சினந்து அழித்துவிடுவதும் வீண். அழிப்பதால் அது எதையும் கற்பதில்லை. ஐந்தாறு மடல்களே உள்ள கோப்புறைகளை ஒன்றாக்குவது, ஒரே பொருளில் இரண்டு கோப்புறை வைக்காமல் இருப்பது, 'பிறகு பார்க்கலாம்' வகைக் கோப்புறையைக் கற்பிக்கும் பட்டியலிலிருந்து நீக்குவது ஆகிய மூன்றும் சேர்ந்தாலே துல்லியம் கணிசமாகத் தேறும்.

பாப்ஃபைலில் ஒரு நற்குணம் இருந்தது. ஏன் இப்படி முடிவு செய்தாய் என்று அதைக் கேட்கலாம். எந்தச் சொல் எந்தப் பக்கம் எவ்வளவு இழுத்தது என்று பட்டியலிட்டுக் காட்டும். இன்றைய கெட்டிக்கார உதவியாளர்கள் பலவற்றில் இந்த வெளிப்படைத்தன்மை காணக்கிடைப்பதில்லை. மொழி மாதிரிகள் காரணம் சொல்லும். அது சொல்லும் காரணந்தான் உண்மையில் அந்த முடிவுக்கு இட்டுச்சென்றது என்பதற்கு உத்தரவாதமில்லை. தவிர, மடலைப் படிக்கத் தெரிந்த இயந்திரத்தை மடலின் வழியாகவே ஏமாற்றவும் முடியும். மடலுக்குள் மறைத்து எழுதிய கட்டளையை உரிமையாளரின் கட்டளையென்று அது எண்ணிக்கொள்ளக்கூடும். எழுத்தறியா உதவியாளனுக்கு இந்த ஆபத்து இருந்ததில்லை.

*

நான் தொடக்கத்தில் சொன்ன எல்லைக்கோடு புதிதன்று. ஐ.பி.எம். ஆய்வகத்தில் ரிச்சர்ட் சீகலும் ஜெஃப்ரி கெஃபார்ட்டும் 1999இல் அறிமுகப்படுத்திய 'மெயில்கேட்', பின்னர் 'ஸ்விஃப்ட்ஃபைல்' என்று பெயர் மாறியது, எந்த மடலையும் தானாக நகர்த்தவில்லை. திறந்த மடலுக்கு மேலே மூன்று பொத்தான்களைக் காட்டியது: இந்த மடல் இம்மூன்று கோப்புறைகளில் ஒன்றுக்கு உரியதாக இருக்கலாம் என்று. சரியென்றால் ஒரு சொடுக்கில் வேலை முடிந்தது. மூன்றும் தவறென்றால், எப்போதும்போல் நீங்களே எடுத்துவைக்கலாம், இழப்பு ஒன்றுமில்லை. மடலை நீங்கள் பார்த்த பிறகே அது வாய் திறந்தது. அடக்கமான உதவியாளனுக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு பாடம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2014இல் கொண்டுவந்த 'கிளட்டர்', முக்கியமில்லாதவை என்று தான் கருதிய மடல்களைத் தனிக் கோப்புறைக்கு நகர்த்தியது. அந்நிறுவனமே 2016இல் அதன் இடத்துக்குக் கொண்டுவந்த 'ஃபோகஸ்டு இன்பாக்ஸ்', அதே வகை ஊகத்தைச் செய்தாலும் மடலை உள்பெட்டியிலிருந்து வெளியேற்றவில்லை. ஒரே பெட்டிக்குள் இரண்டு பக்கங்களாக வைத்தது. பிரிப்பது வேறு, ஒளிப்பது வேறு என்ற பாடத்தை இந்த மாற்றத்தில் நான் படிக்கிறேன்.

இதழ் நடத்துவோர் செய்யக்கூடியவை எளியவை. படைப்புகளுக்கென்று தனி முகவரி வைத்து, அந்த முகவரியில் எந்த உதவியாளனையும் அமர்த்தாதிருங்கள். வாரத்துக்கு ஒருநாள் யாராவது ஒருவர் அதன் குப்பைப் பெட்டியைக் கண்ணால் பார்க்கட்டும். வந்துசேர்ந்தது என்று ஒருவரி ஒப்புகை தானாகப் போகும்படி செய்யுங்கள். குப்பைப் பெட்டிக்குப் போகும் மடலுக்கு இத்தகைய தானியங்கிப் பதில் பொதுவாகச் செல்வதில்லை. இந்தக் குறையையே நமக்குச் சாதகமாக்கலாம். 'மூன்று நாளில் ஒப்புகை வராவிட்டால், தலைப்பு வரியில் படைப்பின் பெயரை எழுதி மீண்டும் அனுப்புங்கள்' என்று இதழின் அறிவிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். தபால்தலை ஒட்டிய உறை அன்று செய்த வேலையில் பாதியையாவது அந்த ஒரு வரி செய்யும். அனுப்பியவருக்குத் தன் கதை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்று ஆசிரியர் சொல்லலாம். அது அவருடைய உரிமை. அதைச் சொல்லவேண்டியவர் ஆசிரியர்தான்.